மூணாவது கம்பி

– ரெக்கார்ட் பிளேயர்ல கோளாறு இல்லம்மா. தட்டு சுத்துது, சிக்னலும் வெளிய வருது. இப்ப பாருங்க, இந்த ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரும் நல்லாத்தான் இருக்கு.

– அப்புறம் ஏண்ணே ஊமையா இருக்கு?

– அதான் பாத்துட்டிருக்கேன். சாரு எப்ப வருவாரு? எங்கிட்ட சாமான் வாங்கிட்டுப் போயி அவரே மாட்டினதாச்சே. கேட்டா சொல்லிடுவாரு.

– வரமாட்டாரு. ஆபீஸ் பக்கத்துலயே ரூம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டு மாசமாச்சு.

– அடடா. ஏதும் மனஸ்தாபமா?

– சண்டையும் இல்ல, சச்சரவும் இல்ல. ஒரு சனிக்கிழமை பெட்டியைக் கட்டினாரு. ‘இனிமே நீ நிம்மதியா இரு’ன்னாரு. நான் துணி மடிச்சிட்டிருந்தேன். மிச்சத்தையும் மடிச்சு அடுக்கினேன்.

– மனசு கேட்டுச்சாம்மா?

– அழுகை வரலண்ணே. இன்னும் வரல. மரத்துப் போயிடுச்சு. நீங்க வேலையைப் பாருங்க.

– இவ்வளவு ஆசையா வாங்கினதைப் போட்டுட்டா போனாரு?

– ஆமா. ஒரு வருஷமா தினம் ஆறு மணிக்கு இந்த ரூமுக்குள்ள வந்து கதவைச் சாத்திக்குவாரு. எட்டு மணிக்குத்தான் வெளிய வருவாரு. எட்டிப் பாத்தா தட்டு சுத்திட்டிருக்கும், இவரு காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடியிருப்பாரு. என்கூட ரெண்டு வார்த்தை பேச நேரமில்லாத மனுஷன் அப்படி என்னத்தைத்தான் கேட்டாருன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன்.

– அந்த நேரத்துல நீங்க?

– கதவுக்கு அந்தப் பக்கம், ஹால் நாற்காலில. தங்கச்சிக்கு ஃபோன் போடற நேரம் அது. அவரு காதுதான் அடைச்சிருக்கே, வாய்க்கு வந்தபடி திட்டித் தீத்துக்கலாம்.

– கொடுத்து வச்சவரு. எங்க வீட்டுல நேருக்கு நேராவே அர்ச்சனை... இருங்கம்மா. இந்த ஒயரைக் கழட்டிப் பாக்கறேன். ம். ஈயம் பத்த வச்சதெல்லாம் சுத்தம். ஆனா, அடப்பாவமே.

– என்ன?

– இப்ப பாருங்க. இந்த ஆம்ப்ளிஃபயருக்கு மூணு கம்பி. ஒண்ணு எர்த். ரெண்டாவதுல பாட்டு. மூணாவதுல அதே பாட்டு, தலைகீழா. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் இது எடுத்துக்கும். வழியில ஒட்டின இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கும், அது அடிபட்டுப் போயிடும். ஆனா உங்க பிளேயர் பழசு, அதுல ரெண்டே கம்பி. அதனால மூணாவதை எர்த்தோட சேக்கணும். சாரு ரெண்டாவதோட சேத்துட்டாரு.

– சேத்தா?

– ரெண்டுலயும் ஒரே பாட்டு. வித்தியாசம் பூஜ்யம். சத்தமே வராது.

– எப்பலேர்ந்து இப்படி?

– பத்த வச்ச அன்னிலேர்ந்தே. பிரிச்ச அடையாளமே இல்லையே. ஆமா, இப்பத்தான் ஞாபகம் வருது. அன்னிக்கு சாயங்காலம் எனக்கு ஃபோன் பண்ணி, ‘ஒண்ணுமே வரலப்பா’ன்னாரு. காலைல வரேன்னேன். விடிஞ்சதும் அவரே கூப்பிட்டு, ‘வேண்டாம், அப்படியே இருக்கட்டும்’னுட்டாரு. குரலே ஒரு மாதிரி இருந்தது.

– ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டா வெளிச் சத்தம் கேக்காதுதானே?

– பாட்டு ஓடினா கேக்காது. இல்லேன்னா வெறும் பஞ்சுதானேம்மா. இந்தக் கதவும் தகடு மாதிரி இருக்கு.

– குழாய் ஒழுகுதுன்னு தங்கச்சிகிட்டத்தான் புலம்பினேன். மறுநாள் வாஷர் மாத்தியிருந்தாரு. குறட்டையில தூங்க முடியலன்னேன். அன்னிக்கு ராத்திரியே தலையணையைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டாரு. பரவாயில்லையே, தானாத் திருந்தறாருன்னு நினைச்சேன்.

– கம்பியை மாத்திடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை.

– அந்த வெள்ளிக்கிழமை அவகிட்ட, ‘இந்த மனுஷன் எங்கயாவது தொலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி’ன்னேன். அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன். மறுநாள் காலைலதாண்ணே பெட்டியைக் கட்டினாரு.