எந்த வண்டின்னு யாரும் கேக்கல

அதெல்லாம் இருக்கட்டும்யா. எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாரும் "விமானப் பாதுகாப்புல ஒத்துழைப்பு, ஒத்துழைப்பு"ன்னு பேசினாங்க. நானும் கைதட்டினேன். அதைக் கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு ஒரு குட்டிக் கதையைக் கேளுங்க. சின்னதுதான்… உங்க கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

ஒரு ஏர்போர்ட். எந்த ஊருன்னு கேக்காதீங்க. அங்க ரெண்டு கம்பெனி. ஒண்ணு நீலச் சட்டை, ஒண்ணு பச்சைச் சட்டை. விமானம் வந்து நின்னா படிக்கட்டு வண்டியைக் கொண்டுபோய் வைக்கிறது, உள்ள ஏறிச் சுத்தம் பண்றது… இதான் வேலை. நீலச் சட்டையில தணிகாசலம், வண்டி ஓட்டுறவர். பச்சைச் சட்டையில பரிமளா, விமானத்துக்குள்ள சுத்தம் பண்றவங்க. ரெண்டு பேரும் யாரு? புருஷன் பொண்டாட்டி! ஒரே பைக்ல வருவாங்க. கேட்டைத் தாண்டிட்டா வேற வேற கம்பெனி.

அந்தப் படிக்கட்டு வண்டிங்க ரெண்டு கம்பெனிக்கும் சொந்தமில்ல. வாடகை வண்டிங்க. இன்னைக்கு நீலத்துக்கு, நாளைக்குப் பச்சைக்கு. விமான வாசலை ஒட்டி நிறுத்தி, கீழ முட்டுக்கொடுக்கிற ஜாக்கியை இறக்கிட்டா அசையவே கூடாது. ஒரு நாள் தணிகாசலம் நிறுத்தின வண்டி அசைஞ்சுது. ஜாக்கி பிடி விட்டு, படிக்கட்டு பின்னால நழுவிடுச்சு. வாசலுக்கும் படிக்கும் நடுவுல ஓர் ஆள் விழுற அளவுக்குச் சந்து! நல்ல வேளை, அப்ப யாரும் இறங்கல.

தணிகாசலம் ஓடிப்போய் மேனேஜர்கிட்ட சொன்னார். மேனேஜர் உடனே வண்டியை வாடகைக்காரங்ககிட்டயே திருப்பி அனுப்பிட்டாரு. நல்ல காரியம்தானே? அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு ஒண்ணு சொன்னாரு… "தணிகாசலம், இது நமக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா நம்ம பேரு கெட்டுடும்."

மறுநாள் அந்த வண்டி எங்க நின்னுச்சு தெரியுமா? பச்சைச் சட்டைகிட்ட!

அன்னைக்கு வீட்டுல தணிகாசலத்துக்குச் சோறு இறங்கல.

"என்னங்க, குழம்புல உப்பு கம்மியா?"

"அது இல்ல பரிமளா. கைப்பிடி வளைஞ்ச படிக்கட்டு ஒண்ணு உங்க பக்கம் வந்திருக்கா?"

"ஆமா. அதுலதானே இன்னைக்குக் குப்பைப் பையைத் தூக்கிட்டு இறங்கினேன்."

"இனிமே அதுல ஏறாத. நழுவுது. முதல்ல உங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லு."

சொன்னாங்க. சூப்பர்வைசர் "எந்த வண்டிம்மா?"ன்னு கேட்டாரா? இல்லைங்க… "யார் சொன்னது?"

"என் வீட்டுக்காரர் சார். நீலக் கம்பெனியில இருக்காரு…"

"ஓஹோ! நம்ம ஃப்ளைட்டை லேட் பண்றதுக்கு அவங்க கட்டி விட்ட கதையா இது?"

விஷயம் மேல போச்சு. மேல இருந்தவர் நீலக் கம்பெனிக்கு போன் போட்டாரு. "உங்க ஆளு எங்க ஆளுங்களைப் பயமுறுத்துறான்." நீல மேனேஜர் தணிகாசலத்தைக் கூப்பிட்டாரு. அவராவது வண்டியைப் பத்திக் கேட்டாரா? "யார்கிட்ட சொன்ன?"

"என் பொண்டாட்டிகிட்ட சார்."

"பொண்டாட்டியா இருந்தா என்னய்யா? பச்சைச் சட்டைதானே!"

வேலை போச்சு. வண்டி மட்டும் அங்கயே நின்னுச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. பரிமளா சம்பளத்துலதான் வீடு ஓடுது. இனிமே அவங்க "இதுல ஏற மாட்டேன்"னு வாயைத் திறக்க முடியுமா? திறந்தா அந்த வேலையும் போகும். அதனால ஏறினாங்க. தெரியாம இல்லய்யா… தெரிஞ்சே ஏறினாங்க! இறங்குறப்ப கூட வேலை செய்ற பொண்ணுங்களை நிறுத்தி, "நான் முதல்ல இறங்குறேன்டி, நழுவலைன்னா நீங்க வாங்க"ன்னு சொல்லுவாங்களாம்.

ஒரு மழை நாள். தரையெல்லாம் ஈரம். ரெண்டு கையிலயும் குப்பைப் பை. காலை எடுத்து வெச்சாங்க… படி இல்ல.

உயிர் இருக்கு. இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல.

ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மேனேஜரும் வந்தாங்க. தனித்தனியா, ஆளுக்கொரு ஆப்பிள் பையோட. அங்கயும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல. தணிகாசலம் எழுந்து நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார்… அந்த வண்டி இப்ப எங்க சார்?"

பச்சை சொன்னாரு, "நாங்க அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டோம்பா." நீலம் சொன்னாரு, "நாங்க அதுக்கு முன்னாடியே அனுப்பிட்டோமே!" ரெண்டு பேர் முகத்துலயும் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதியை நினைச்சாத்தான் வயிறு எரியுது. வண்டி? பெயிண்ட் அடிச்சு, வேற ஊருக்குப் போயிடுச்சு.

ஏன் இதைச் சொல்றேன்? ஒரு கம்பெனிக்குத் தெரிஞ்ச ஆபத்து பக்கத்துக் கம்பெனிக்குத் தெரியலைன்னா, அந்த ஆபத்து எங்கயும் போகல. அடுத்த பொண்ணு காலடியில போய் நிக்குது. சொன்னவனை வீட்டுக்கு அனுப்பினா, அடுத்தவன் வாயைத் திறக்கவே மாட்டான். இவ்வளவுதான்யா அர்த்தம். சின்னக் குழந்தைக்குக் கூடப் புரியும். புரிஞ்சு என்ன பண்ண? இந்தக் கதையை நான் போற இடமெல்லாம் சொல்றேன். கண்ணைத் துடைச்சுக்குவாங்க, கைதட்டுவாங்க, அவங்கவங்க கம்பெனி வேன்ல ஏறிப் போயிடுவாங்க. மறைக்காம சொல்றேன், எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு.

இந்த ஹாலையே பாருங்க. இங்கயும் நீலச் சட்டை ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், அந்த ஆரஞ்சுச் சட்டைக் கம்பெனி தனியா. அந்த வண்டி இந்த ஊருக்கே வந்திருக்கலாம். வளைஞ்ச கைப்பிடியை இந்நேரம் நிமிர்த்தியிருப்பாங்க, அடையாளம் தெரியாது. ஆனா ஜாக்கி நழுவுறது இங்க யாரோ ஒருத்தருக்குத் தெரியும். தெரிஞ்சவங்க இப்பவே, இந்த நிமிஷமே, பக்கத்து வரிசைச் சட்டைக்காரர் பக்கம் திரும்பிச் சொல்லுங்க. நான் பேச்சை நிறுத்திட்டுக் காத்திருக்கேன்…

…

பாருங்க. எல்லாரும் என்னையேதான் பாக்குறீங்க.