குறுக்கே திருப்பிய கைப்பிடி

விழாவுக்குத் தலைமை ஏற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் ஆலை மேலாளர் ஐயா அவர்களே, அவருக்கு வலப்பக்கம் வாய் நிறையச் சிரிப்போடு அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, வருடா வருடம் புதியவர்களுக்குப் பாடம் நடத்தும் பயிற்சி வாத்தியார் ஐயா அவர்களே, பெயிண்ட் அடித்து அடித்துப் பத்து விரலிலும் பத்து நிறம் ஏறிய அண்ணன் தம்பிமார்களே, பேக்கிங் பிரிவின் அக்கா தங்கைகளே, துடைப்பமும் வாளியுமாய் என்னோடு இந்த ஆலையைச் சுற்றிச் சுற்றி வந்த தாய்மார்களே, கடைசியாக, மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் என் மகளே, உங்கள் அத்தனை பேருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்த என்று அழகுக்காகச் சொல்லவில்லை. நிமிர முடியாமல் தாழ்ந்திருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. இந்த அலங்காரப் பேச்சு இவளுக்கு எப்படி வந்தது என்று முன்வரிசை முகத்தைச் சுளிக்கிறது. இருபது வருடமாக இந்த மேடையைப் பெருக்குகிறவள் ஐயா நான். கூட்டம் முடிகிறவரை ஓரமாக நின்று கேட்டுத்தானே ஆகவேண்டும்? பேசினவர்கள் காரில் ஏறிப் போய்விடுவார்கள். பேப்பர் கப்பும், கசங்கின காகிதமும், அவர்கள் பேசின பேச்சும் எனக்குத்தான் மிஞ்சும். கப்பைக் குப்பையில் போட்டேன், பேச்சை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சற்று முன்னால், புது டிரையரின் பொத்தானை என் கையால் அழுத்தச் சொன்னார் மேலாளர் ஐயா. அழுத்தினேன். நீங்களும் கை தட்டினீர்கள். ஆனால் பெயிண்ட் துப்பாக்கிக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிற கம்ப்ரசரை இன்னும் போடவில்லை. போடக்கூடாது. டிரையர் முதலில், கம்ப்ரசர் பிறகு. டிரையர் உள்ளுக்குள் குளிர்ந்து, அதன் முகப்பில் குளிரைக் காட்டும் முள் பச்சைக்கு வர ஒரு பத்து நிமிடம் பிடிக்கும். "அதுவரைக்கும் ரெண்டு வார்த்தை நன்றி சொல்லும்மா" என்றார் ஐயா. ஆக, எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். மூன்று வருடம் சொல்லாததைச் சொல்லப் பத்து நிமிடம்.

இந்த டிரையர் என்ன செய்கிறது என்று வாசலில் நிற்கும் காவல்காரத் தம்பிக்குத் தெரியுமா? பேக்கிங் அக்காவுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் சொல்லித் தெரியும். இந்த ஆலையில் பதினாறு வருடம் கம்ப்ரசர் ஓட்டியவர் அவர். கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரை மகள் முன்னால் வைத்தார். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாய் வேர்த்தது.

"டம்ளர்ல ஓட்டை இல்ல. அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு சொல்லு" என்றார்.

"காத்துலேருந்துப்பா."

"அவ்ளோதான். நம்ம கண்ணுக்குத் தெரியாம காத்துல தண்ணி ஒளிஞ்சிருக்கு. குளிர வச்சா வெளிய வந்துடும். டிரையர் வேலையே அதான். வந்த தண்ணிய உடனே வெளிய தள்ளிடணும். தள்ளலேன்னா குளிர வச்சதே தண்டம்."

நான் குறுக்கே புகுந்து, "தள்ளுற தண்ணிய யாரு துடைக்கிறது? நான்தானே" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே என் குற்றம் உட்கார்ந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

அந்த இயந்திரத்தை அவர் பார்த்துக்கொண்ட அழகை என்னவென்று சொல்வேன்! வாரம் ஒரு முறை அதன் முதுகுப்பக்கத் தகட்டில் படிந்த தூசியை ஊதி எடுப்பார். நிறுத்திய இயந்திரத்தை ஐந்து நிமிடம் பொறுக்காமல் மறுபடி போட விடமாட்டார். சூடான காற்று வெளியேறுகிற ஜன்னல் வழியை யாராவது அட்டைப்பெட்டி வைத்து மறைத்தால் சண்டைக்கே போவார். ஒருமுறை என் துடைக்கிற துணியை அதன் மேல் விரித்துவிட்டேன். "ஏம்மா, டிரையர்னு பேரு வச்சா துணி காயப்போடுவியா? அதுக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டார். பார்த்தீர்களா, பெயிண்ட் பிரிவு சிரிக்கிறது. சிரியுங்கள். அவர் சொன்னதற்குச் சிரித்தால் எனக்குச் சந்தோஷம். அவரைப் பார்த்துச் சிரித்தீர்களே, அதைத்தான் இன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை.

என்ன பேர் வைத்தீர்கள் அவருக்கு? டிக் அண்ணன்! எதற்காக? பார்க்காமலே பதிவேட்டில் டிக் போட்டவர் என்று. அவர் காட்டிய பொறுமைக்குப் பேர் வைத்தீர்களா? பதினாறு வருடம் கருகாமல் ஓடிய இயந்திரத்துக்குப் பேர் வைத்தீர்களா? ஒரே ஒரு டிக்குக்குப் பேர் வைத்தீர்கள்.

தவறு உங்களுடையது இல்லை. கேளுங்கள்.

டிரையரின் அடியில் ஒரு சின்னக் குழாய் உண்டு. உள்ளே சேர்ந்த தண்ணீர் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அதன் வழியாகத் தானாகவே 'புஸ்' என்று வெளியேறும். குழாயில் ஒரு கைப்பிடி. கைப்பிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் வழி திறந்திருக்கிறது. குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மதியம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை, அதன் பக்கத்துப் பொத்தானை அழுத்தித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் டிக் போடவேண்டும். அது அவர் வேலை. அங்கே சிந்துகிற எண்ணெய்த் தண்ணீரைத் துடைப்பது என் வேலை.

துடைத்துத் துடைத்து நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். கைப்பிடியைக் குறுக்கே திருப்பிவிட்டால் கால் மணி நேரம் தரை காய்ந்து கிடக்கும். நிம்மதியாகத் துடைத்து முடித்து, மறுபடி திறந்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள். மறுநாள் வெளியூரிலிருந்து நம் ஆலை அலமாரிகளை வாங்குகிறவர்கள் பார்வையிட வருகிறார்கள். ஆலை முழுக்க ஓட்டமும் நடையும். சரியாக ரெண்டு மணிக்கு அவர் வந்தார். பொத்தானை அழுத்தினார். 'புஸ்' என்று தண்ணீர் என் பாதத்தில் தெறித்தது. "இப்பத்தானே துடைச்சேன்! கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினேன். "பாத்துட்டேன், நல்லா வருது" என்று சிரித்தபடி டிக் போட்டுவிட்டுப் போனார்.

பார்த்தார் ஐயா! என் கண் முன்னால் பார்த்தார்! என் காலை நனைத்துவிட்டுப் பார்த்தார்! பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டார்!

அவர் போனதும் நான் கைப்பிடியைக் குறுக்கே திருப்பினேன். பாதி துடைக்கும்போது ஆபீஸ் படிக்கட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். படிக்கட்டு, வராந்தா, கண்ணாடிக் கதவு. அப்படியே பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். கைப்பிடி குறுக்கேயே கிடந்தது.

மூடின வழியில் தண்ணீர் நின்றுவிடுமா? நின்றது டிரையரில். நிறைந்தது டிரையரில். நிறைந்தது காற்றோடு காற்றாய்க் கிளம்பி, குழாய் குழாயாய்ப் போய், பெயிண்ட் துப்பாக்கியின் வாய் வழியாக அலமாரிக் கதவுகளில் விழுந்தது. சாயங்காலம் அடித்த கதவு ஒவ்வொன்றிலும் காலையில் அம்மைத் தழும்பு மாதிரி கொப்புளம். வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கொடுத்த நாற்காலியில் உட்காராமலே போனார்கள்.

அன்று காலை எல்லோருக்கும் முன்னால் கம்ப்ரசர் ரூமுக்குப் போனவர் அவர். வாளியோடு நான் வாசலில் நிற்கிறேன். குறுக்கே கிடந்த கைப்பிடியைப் பார்த்தார். திருப்பினார். தண்ணீர் பீறிட்டு முழங்கால் வரை நனைத்தது. என் வாளியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"தரை ஈரமா இருக்கு. பாத்து வா" என்றார்.

அவ்வளவுதான் ஐயா.

விசாரணையில் கேட்டார்கள். "கதவெல்லாம் தண்ணி விழுந்திருக்குன்னா, தண்ணி போற வழி அடைச்சிருந்திருக்கு. ரெண்டு மணிக்கு டிக் இருக்கே, பாத்தியா?" பார்த்தேன் என்று சொல்லியிருந்தால், பிறகு அறைக்குள் போனது யார் என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் உள்ளே போவது என்னைத் தவிர யார்? நான் காண்டிராக்ட் ஆள். ஒரு விரலை நீட்டினால் வெளியே.

"பாக்கல சார். பாக்காமலே டிக் போட்டுட்டேன்" என்றார்.

பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்ன மனுஷனை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

மேற்பார்வையாளர் ஆகவேண்டியவரைப் பேக்கிங்கில் லேபிள் ஒட்டப் போட்டார்கள். ஒட்டினார். தினம் காலையில் கம்ப்ரசர் ரூம் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். 'புஸ்' சத்தம் காதில் விழுந்ததும் பேக்கிங்குக்குப் போய்விடுவார்.

நான் என்ன செய்தேன்? வாய் திறந்தேனா? திறந்தேன். எதற்குத் தெரியுமா? வீட்டில் மகள், "ஏம்ப்பா, நீங்க பாக்கலையா?" என்று அழுதாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், கைப்பிடியைத் திருப்பிய இந்தக் கையால் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஒரு நிமிஷம் குனிஞ்சு பாத்திருந்தா நமக்கு இந்த மானக்கேடு வந்திருக்குமா?" என்று மகள் முன்னாலேயே அவரை ஏசினேன். அவர் தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

கைப்பிடியை மூடியது மறதி. அது பாவமென்றால் சின்னப் பாவம். ஆனால் அந்த வார்த்தை? அது மறதியா? இல்லை. எனக்குத் தெரிந்தே சொன்ன வார்த்தை. மகளின் கண்ணில் நான் சுத்தமாக இருக்கவேண்டும் என்று அவரை அழுக்காக்கிய வார்த்தை.

என்ன, சீட்டு வருகிறதா? கொடுங்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். சு... ருக்... கமாக. சுருக்கமாகவா? சங்கத் தலைவர் அண்ணே, முள்ளைப் பாருங்கள், இன்னும் பச்சைக்கு வரவில்லை. முள் வரட்டும், நான் இறங்கிவிடுகிறேன்.

இது என்ன தெரிகிறதா? ஒரு துண்டு நீலத் துணி. என் பழைய புடவை, துடைக்கக் கிழித்தது. விசாரணைக்கு மறுநாள் நான் அந்த அறைக்குப் போனால், கைப்பிடி நீளவாக்கில் இருக்கிறது, அதன் மேல் கம்பி சுற்றி, கம்பியின் மேல் இந்தத் துணியால் முடிச்சு. இனி யாரும் அவசரத்தில் திருப்ப முடியாது. என் புடவையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டவருக்கு யார் திருப்பியது என்று தெரியாதா? அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவர் போகிறவரை இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே கூரைக்குள் இருந்தோம், இரண்டு பேரும் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. நேற்று பழைய டிரையரைக் கழற்றினார்கள். நான் அவிழ்த்து எடுத்துவந்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள், சொல்லிவிடுவோம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். "தண்ணி வேணுமா?" என்றுதான் வந்தது. "வேணாம். நிறைய தண்ணி பாத்தாச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு போய்விட்டார். நான் சொல்லாமல் நின்றுவிட்டேன்.

அப்படியே இருந்திருப்பேன், கோழை. ஆனால் போன மாதம் பயிற்சி வகுப்பு ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வாத்தியார் ஐயா புதியவர்களுக்குப் பாடம் சொல்கிறார். "பாக்காம டிக் போட்டா என்ன ஆகும்? நம்ம ஆலையிலேயே ஒருத்தர் இருந்தார்..." முப்பது பேர் சிரித்தார்கள். முப்பது பேருக்கும் அவர் முகம்கூடத் தெரியாது. செத்த பிறகும் வருடா வருடம் அவரை நிற்க வைத்துச் சிரிப்பீர்களா என்று என் நெஞ்சு கேட்டது. கேட்ட நெஞ்சையே நான் திருப்பிக் கேட்டேன், நிற்க வைத்தது யார் என்று.

வாத்தியார் ஐயா, எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். உங்கள் மேல் கோபமில்லை. பாடத்தை விடாதீர்கள், சொல்லுங்கள். ஆளை மட்டும் மாற்றுங்கள். ஒருத்தி இருந்தாள் என்று சொல்லுங்கள். தரை காயவேண்டும் என்று வழியை மூடினாள் என்று சொல்லுங்கள். மூடிவிட்டு மறந்தாள், மறந்ததை மறைத்தாள், மறைத்ததைப் புருஷன் தலையில் கட்டினாள் என்று சொல்லுங்கள். ஆணோ பெண்ணோ, அறை துடைக்கிறவருக்கும் அந்தக் கைப்பிடி எதற்கு என்று ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். முப்பது பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். வகுப்பில் நானே வந்து நிற்கிறேன்.

மேலாளர் ஐயா, என்னை வேலையை விட்டு நிறுத்துவது உங்கள் இஷ்டம். வாளியை எங்கே வைக்கவேண்டுமோ அங்கே வைத்துவிட்டுப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்று வருடத்துக்கு முந்திய பதிவேடு உங்கள் அலமாரியில் இருக்கிறது. அந்த ரெண்டு மணி டிக்கைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டுப் 'பொய்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

மகள் எழுந்து நிற்கிறாள். கூட்டமே, கொஞ்சம் வழி விடுங்கள். மகளே, வெளியே போகிறாயா, இங்கே வருகிறாயா, எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் அன்றைக்கு அழுதுகொண்டே நீ கேட்ட கேள்விக்கு உன் அப்பா பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு நட.

முள் பச்சைக்கு வந்துவிட்டது. கம்ப்ரசரைப் போடலாம் ஐயா. போடுவதற்கு முன்னால் யாராவது குனிந்து, கைப்பிடி நீளவாக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தலைமைக்கும், தாய்மார்களுக்கும், பொறுத்துக் கேட்ட அத்தனை காதுகளுக்கும் என் நன்றி. முகம் காட்டக் கூசுகிறவளின் வணக்கம்.

பார்த்தாரம்மா. உன் அப்பா பார்த்தார்.