பச்சை ஒயர்

நான் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலி ஆடுகிறது, ஐயா. பின்காலில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. என் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் இரண்டு திருப்பில் சரிசெய்துவிடுவேன். ஸ்டேஷன் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பரவாயில்லை. தளர்ந்த ஸ்க்ரூவைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத்தான் என்னை வரச் சொன்னீர்கள். வெளியே பெஞ்சில் காயில்காரர் உட்கார்ந்திருக்கிறார். மோட்டார்களுக்குக் காயில் கட்டிப் பிழைக்கிற மனிதர். என் அத்தான் செத்ததற்கு அவர் கட்டிய காயில்தான் காரணம் என்று பிடித்து வந்திருக்கிறீர்கள். என்னைக் கண்டதும் அவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். "உக்காருங்க தம்பி. நீங்களே நொந்து போயிருப்பீங்க" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் போயிருப்பேன்.

மரப்பட்டறை அத்தானுடையது. கரண்ட் வேலையைக் கற்றுக்கொண்டு வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த என்னை, அக்காவைக் கட்டிய கையோடு அவர்தான் கூட வைத்துக்கொண்டார். அறுப்பு மெஷின், இழைப்பு மெஷின், துளை போடும் மெஷின் எல்லாவற்றுக்கும் ஒயரிங் போட்டவன் நான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் மச்சினன் போட்ட ஒயரிங். கொழந்த கைய வச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று பெருமை அடித்துக்கொள்வார்.

அதில் பொய் இல்லை. ஒவ்வொரு மெஷினின் உடம்பிலிருந்தும் ஒரு பச்சை ஒயர் சுவரோரமாகப் போய், கொல்லைப்பக்கம் எர்த் குழியில் இறங்குகிறது. மோட்டாருக்குள்ளிருந்து கரண்ட் மெஷின் உடம்புக்கு இறங்கினால், அந்த ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும். போகிற வேகத்தில் ஸ்விட்ச் போர்டில் இருக்கும் டிரிப்பர் தானாக விழுந்து, கரண்ட் அறுந்து எல்லாம் நின்றுவிடும். தொட்டவன் பிழைத்துக்கொள்வான்.

மழை பிடித்துக்கொண்டதும் டிரிப்பர் விழ ஆரம்பித்தது. இழைப்பு மெஷினைப் போட்டால் போதும், பட்டென்று விழும். பட்டறை முழுக்க இருண்டுவிடும். ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்ப்பார்கள். எனக்கு 'இருட்டு' என்று பேர் வைத்துவிட்டார்கள். "இருட்டு வந்தாச்சு, டார்ச்ச எடுங்கடா." சாப்பிட உட்கார்ந்தால், "இருட்டு, கொஞ்சம் தள்ளி உக்காரு, சோறு தெரியல." அத்தானும் சேர்ந்து சிரித்தார். மற்றவர்கள் சிரித்தது போகட்டும், அவர் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காயில்காரரை வரவழைத்துக் காட்டினேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "காயில் ஈரம் குடிச்சிருக்கு தம்பி. பாடியில கரண்ட் எறங்குது. உங்க ஒயரிங் மேல குத்தமே இல்ல, அது அதோட வேலையச் செய்யுது. மோட்டாரக் கழட்டிக் குடுங்க, சரிபண்ணித் தர்றேன். அதுவரைக்கும் மெஷினப் போட்றாதீங்க." உங்களிடமும் அவர் இதைத்தான் சொல்லியிருப்பார். அப்படி எதுவும் அவர் சொல்லவே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை முதலில் கிழித்துப் போடுங்கள்.

அவர் சொன்னதை ஆட்களிடம் நான் அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னால், இருட்டு சாக்குச் சொல்கிறான் என்பார்கள் என்று தோன்றியது. மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் இழைப்பு மெஷினின் பச்சை ஒயரைக் கழற்றிவிட்டேன். மெஷின் ஓடியது. டிரிப்பர் விழவில்லை. டெஸ்டரை மெஷினின் உடம்பில் வைத்துப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. அத்தான் வந்து மெஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். "பாத்தீங்களாடா எம் மச்சினன?" என்றார் ஆட்களிடம்.

நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல, ஐயா. மெஷின் முன்னால் நிற்பதற்கு ஒரு மரப்பலகை செய்து போட்டேன். கால் தடுக்கக் கூடாதென்று அதன் ஓரங்களைக்கூட இழைத்துவிட்டேன். ரப்பர் செருப்பு இல்லாமல் யாரும் மெஷினை நெருங்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஆபீசர் என்று கேலி செய்தாலும் எல்லோரும் கேட்டு நடந்தார்கள். மழை விட்டதும் காயில் காய்ந்துவிடும், ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்று இருந்தேன். இப்போது யோசித்தாலும் அது மோசமான திட்டமாகத் தோன்றவில்லை.

அன்று ஆட்கள் முன்பக்கம் தாழ்வாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் சாப்பிடுவதற்காகக் கைகால் கழுவிவிட்டு வந்தார். செருப்பு வார் அறுந்துபோய் வெறுங்காலோடு இருந்தார். ஒரு கதவுச் சட்டம் கொஞ்சம் தடிமனாக இருப்பது கண்ணில் பட, அதை ஒரு தள்ளு தள்ளிவிட்டுச் சாப்பிடலாம் என்று இழைப்பு மெஷினைப் போட்டுவிட்டார். பலகையில் ஏறவில்லை. பக்கத்தில் ஈரத் தரையில் நின்றார்.

நான் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். "அத்தான், செருப்பு" என்றேன்.

"அட போடா ஆபீசர், நீ போட்ட ஒயரிங்தான!" என்றார்.

ஒயர் கழன்றிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கை எட்டும் தூரத்தில் டிரிப்பர் இருந்தது, அதையாவது இறக்கியிருக்கலாம். ஏன் இறக்கினாய் என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மெஷின் மேல் கையை ஊன்றினார்.

கை ஒட்டிக்கொண்டதும் டிரிப்பரை இறக்கிவிட்டேன். அத்தான் அப்படியே சரிந்தார். மூச்சு இருந்தது. குறட்டை போல இழுத்து இழுத்து வந்தது. கண் திறந்திருந்தது. தாழ்வாரத்தில் யாரோ எதற்கோ சிரிப்பது கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் எல்லோரும் ஓடி வந்திருப்பார்கள். வந்தால் அந்த ஒயர் தொங்குவதைப் பார்ப்பார்கள். அதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மெஷினடியில் குந்தினேன். வாஷர் நழுவி மரச்சுருளுக்குள் விழுந்துவிட்டது. வாஷர் இல்லாமலும் முடுக்கியிருக்கலாம், பிடித்துக்கொள்ளும். ஆனால் வேலை சுத்தமாக இருக்காது. தேடினேன். அத்தானின் கைக்கு அடியில் கிடந்தது. கையைத் தூக்கி வாஷரை எடுத்துக்கொண்டேன். அவர் விரல்கள் என் விரல்மேல் லேசாக மடங்கின. மெல்ல விடுவித்துக்கொண்டு, கையை இருந்தபடியே வைத்தேன். ஒயரை மாட்டி, முடுக்கி, ஆடுகிறதா என்று இழுத்துப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் கத்தினேன். அப்போது அந்த இழுப்புச் சத்தம் நின்றிருந்தது.

"விழுந்த ஒடனே நெஞ்ச அழுத்தி விட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். "கடைசியா ஏதாச்சும் சொன்னாராடா?" என்று அக்கா கேட்டாள். "இல்லக்கா, அந்த நிமிஷமே போயிட்டாரு" என்றேன். "கஷ்டப்படாமப் போனாரே, அது போதும்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேளைச் சோறு அவள்தான் போடுகிறாள்.

சோதனைக்கு வந்த உங்கள் ஆள் மெஷினைப் போட்டுப் பார்த்தார். டிரிப்பர் உடனே விழுந்தது. எர்த் சரியாக இருக்கிறது, காயில் போன அந்த ஒரு நொடி அதிர்ச்சியை இதயம் தாங்கவில்லை என்று முடிவு கட்டினார்.

இதுதான் நடந்தது. அத்தானைக் கொன்றது நான். காயில்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் முகத்தில் என்னால் விழிக்க முடியாது. விரல் மடங்கியதைக்கூட விடாமல் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஆள் அந்தப் பச்சை ஒயரை இழுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான எர்த் வேலையை எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்கப்புறம் ஆட்கள் ஒருவரும் என்னை இருட்டு என்று கூப்பிடுவதில்லை, ஐயா.