மூன்றாவது பிஸ்டன் மட்டும் ஏன் தேய்ந்தது?

மேடையில் வீற்றிருக்கும் பட்டறை முதலாளி அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கைக்கறையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கும் தோழர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள்முன் நிற்கிறேன்.

நம் தலைமை மெக்கானிக், 'ஏன் மாஸ்டர்' என்று நாம் அழைத்த அண்ணன், இன்று நம்மிடையே இல்லை. போல்ட் இறுகினாலும் ஏன், டீ ஆறினாலும் ஏன் என்று கேட்ட வாய் மூடிவிட்டது!

டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. பிறகு எப்படிப் பற்றுகிறது? 'பத்துது, அவ்வளவுதான்' என்று நாம் வேலையைப் பார்த்தோம். அவர் விட்டாரா? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்து அழுத்தென்று அழுத்தினார். "அடியில தொட்டுப் பாருய்யா, சுடுது! உள்ளயும் இதேதான்!" என்று கூவினார்.

"காத்தடிக்கப் போன மனுஷன், சைக்கிளுக்குக் காத்தே அடிக்காம திரும்பி வந்தாரு" என்று அண்ணி அன்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் அண்ணன் சொன்னது எவ்வளவு உண்மை! வால்வு திறக்கிறது, பிஸ்டன் இறங்கிக் காற்றை இழுக்கிறது. வால்வு மூடுகிறது, பிஸ்டன் ஏறிக் காற்றை நசுக்குகிறது. அந்தக் கொதிக்கும் காற்றில் இன்ஜெக்டர் டீசலைத் தூவியதும் அது தானே பற்றி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. கனெக்டிங் ராடு அந்த உதையை வாங்கிக் கிராங்க் தண்டைச் சுழற்றுகிறது. பிஸ்டன் மறுபடி ஏறிப் புகையை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு எழுநூற்றைம்பது முறை இத்தனையும் நடக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

போன வாரம், நாம் பழுது பார்த்துக் கொடுத்த மருத்துவமனை ஜெனரேட்டரின் இன்ஜின் திரும்பி வந்தது. மூன்றாவது பிஸ்டன் மட்டும் உரசித் தேய்ந்திருந்தது. "புதுசு போட்டு மூடுங்கப்பா" என்றார் முதலாளி. இங்கேதான் இருக்கிறார், கோபிக்க மாட்டார். "ஏன்னு தெரியாம மூட மாட்டேன்" என்றார் அண்ணன். இன்ஜெக்டரைச் சோதித்தார், வடிகட்டியைப் பிரித்தார், பேரிங்கைத் தடவிப் பார்த்தார்.

"கீழ எண்ணெய்க் குழாயைப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"அது நீ மாட்டுனதுய்யா. அதைப் போய் நான் பார்க்கணுமா?"

மறுநாள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

ஒவ்வொரு பிஸ்டனின் அடியிலும் எண்ணெய் பீய்ச்சிச் சூட்டைத் தணிக்க மெல்லிய குழாய் ஒன்று உண்டு. கனெக்டிங் ராடை இறக்கும்போது கை தவறினால் அது இடிபட்டு வளைந்துவிடும். நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது குழாய் வளைந்திருந்தது. எண்ணெய் பிஸ்டனில் படவே இல்லை. இடித்தது யார்? நான்தான் தோழர்களே, நான்தான்!

அண்ணி, எல்லாவற்றையும் ஏன் என்று கேட்ட மனிதர் என் கையை மட்டும் கேட்கவில்லை. அந்த நம்பிக்கைதான் என்னைக் குத்துகிறது.

மருத்துவமனை இன்ஜினை இன்று மாலைக்குள் சரிசெய்து அனுப்புவோம். ஆனால் இந்த ஆண்டு நான் மாட்டிய இன்ஜின்கள் இன்னும் ஆறு வெளியே ஓடுகின்றன. ஆறையும் திறந்து பார்ப்பேன், இது உறுதி! நாளைக் காலை எட்டு மணிக்கு முதல் இன்ஜின். என் கையை நம்பாத ஒருவர் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.