இடதுபக்கப் பிடி

பகலில் ஆண்டர்சன்பேட்டையில் அப்பாவின் இரும்புக் கடையில் நிற்பேன், சாயங்காலம் பி.காம். வகுப்புக்குப் போவேன். இரண்டு இடத்திலும் எனக்கு ஒரே கெட்ட பெயர்தான், சார். எதையும் ஒரு தடவை பார்த்துத் திருப்திப்பட மாட்டேன். கடை ஷட்டரைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். விபத்து என்று நீங்கள் மூடிவிட்ட சுனில் கேஸையும் அப்படித்தான் மனதுக்குள் பலமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

பூதிகோட்டைப் பக்கம் இருக்கும் அந்தப் பாறையில் ஏறும் வழியை அமைத்தவள் நான். உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கி, முள்ளையும் பாசியையும் சுரண்டி, துளை போட்டு, அடிமுதல் உச்சிவரை போல்ட் அடித்தேன். ஏறுகிறவர் ஒவ்வொரு போல்ட்டிலும் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கை தவறினால் கயிறு தாங்கும். வழி அமைத்தவர் முதல் போல்ட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டால், அவர் விழாமல் ஏறி முடிக்கும்வரை வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. முதலில் ஏறி முடிப்பவர் அதற்குப் பெயர் வைப்பார். ஏறுகிறவர்கள் எல்லோரும் மதிக்கும் பழக்கம் இது.

இரண்டு வருடம் முயன்றேன். பாதிக்கு மேல் ஒரு வழுக்கல் இருக்கிறது, அங்கேயே விழுந்துகொண்டிருந்தேன். கடைசியில், விளிம்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல்பிடியைக் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தடவை அதைப் பிடித்து ஏறி முடித்துவிடலாம் என்றிருந்தேன்.

சுனில் எங்கள் ஊரிலேயே பாலகாட் பகுதிக்காரன். ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருவான், அங்கே செயற்கைச் சுவரில் ஏறிப் பழகியவன். நன்றாக ஏறுவான், அதை மறுக்க மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் எங்களோடு ஏறும் வாணியும் போனபோது ரிப்பனை அறுத்துப் பையில் வைத்திருந்தான்.

"இன்னா ரோஜா, ரெண்டு வருசமா ரிப்பன் கட்டி வச்சிக்கினு இருக்கிற? பாறைக்கு ஜட பின்னி இஸ்கூலுக்கு அனுப்பப் போறியா?"

"அது என் வழி, சுனில்."

"ஏறிக் காட்டு, உன் வழி. அது வரைக்கும் கவர்மென்ட்டு பாறை. வா, கயிறு பிடி. உன்ன மாதிரி செக் பண்றவ யாரும் இல்ல, உன்ன நம்பித்தான் ஏர்றேன்."

கிண்டல்தான். ஆனால் எங்கள் கூட்டத்தில் நான் முடிச்சைப் பார்த்துச் சரி என்றால் வேறு யாரும் பார்ப்பதில்லை.

முடிச்சுப் போடுகிறவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அது. அவன் இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தபோது, "ரிப்பனையாவது குடுத்துடு" என்றேன். கயிற்றை விட்டுவிட்டு ரிப்பனை எடுத்தான். அதைக்கொண்டே ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து என் காலடியில் போட்டான். வாணி சிரித்தாள். பிறகு, "செக்?" என்றான்.

முடிச்சு பாதியில் நின்றிருந்தது. கோத்த நுனி சட்டைக்கு அடியில் சும்மா கிடந்தது. அது ஏறும்போது கூடவே வரும், உடம்பின் பாரம் முழுதாக விழுந்தால் உருவிக்கொள்ளும். நான் ஒரு தடவைதான் பார்த்தேன். "சரி" என்றேன்.

வாணி எடுத்த வீடியோவில் என் குரல்தான் அதிகம். துக்க வீட்டில் சுனிலின் அம்மா சரோஜம்மா அதைப் பார்த்துவிட்டு, "கடைசி வரைக்கும் எம்புள்ளைக்குத் தைரியம் சொன்னியே கண்ணு" என்று என் கையைப் பிடித்து அழுதார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தைரியம் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது போல்ட்டில் அவன் கால் வழுக்கியது. அங்கிருந்து விழுந்தால் கணுக்கால் முறியும், அவ்வளவுதான். கட்டுப் பிரித்ததும் மறுபடி வந்து நிற்பான்.

வழுக்கலில் நின்று, "பிடியே இல்ல, கயித்த இறுக்கு, உக்காரப் போறேன்" என்றான். நேர் கீழே புதர் அடர்ந்திருந்தது. அந்த உயரம் போதுமா என்று எனக்கு வழக்கம்போலச் சந்தேகம் வந்தது. "உக்காராத. எடது கைய விளிம்புக்குப் பின்னால போடு" என்றேன்.

போட்டான். அதற்குமேல் சுலபம். உச்சி வளையத்தில் கயிற்றை மாட்டி, "இறக்கு" என்று சொல்லிப் பின்னால் சாய்ந்தான். நான் விதிப்படி இறுக்கித்தான் பிடித்திருந்தேன். என் கைக்குப் பாரமே வரவில்லை.

போன வாரம் அந்த வழிக்கு அவன் பெயரை வைத்துவிட்டார்கள். கயிறு இல்லாதது போலவே ஏறியிருக்கிறான், அதனால் அது இன்னும் பெரிய சாதனை என்று வாணி பேசினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகுதான் உங்களிடம் வரத் தோன்றியது.

எழுதிக்கொள்ளுங்கள், சார். முடிச்சைப் பார்த்தேன், தெரிந்தே அனுப்பினேன். இடதுபக்கப் பிடியைச் சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அது தெரியாமல் அவனால் ஏறியிருக்க முடியாது. பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வீடியோவைப் போட்டுக் கேளுங்கள், அவன் உச்சிக்குப் போக வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் அங்கே யாரும் இல்லை.