எண்ணிக்கை சரியாக இருந்த செவ்வாய்க்கிழமை

தசரதன்: மெதுவா இழுடா மாமே... கெணத்துல தண்ணி சேந்தற மாதிரி இழுக்கற. கவுறு அறுந்தா துணி குழலுக்குள்ளயே மாட்டிக்கும்.

ஜம்புலிங்கம்: நான் துப்பாக்கி துடைக்க வரல தசரதா.

தசரதன்: பின்ன இன்னாத்துக்கு வந்த? சனிக்கிழம மத்தியானம், காலேஜே காலி. பரேடு நாளைக்குத்தான். மழைக்குக்கூட இந்த என்.சி.சி. ஸ்டோர் பக்கம் ஒதுங்காத ஆளாச்சே நீ.

ஜம்புலிங்கம்: ஏழாம் நம்பர் துப்பாக்கிய ஒரு மணி நேரம் குடு. பின்னாடி மைதானத்துல... குறி பாத்துப் பழகிட்டுக் கொண்டாந்து வெக்கறேன்.

தசரதன்: குறியா! செவ்வாய்க்கிழம ரேஞ்சுல சுட்டியே, அட்டையில ஒரு ஓட்டகூட விழல. அந்தாண்ட மேஞ்சுகினு இருந்த எருமதான் பயந்துபோய் முத்தாபுதுப்பேட்ட வரைக்கும் ஓடிச்சு.

ஜம்புலிங்கம்: அதனாலதான்டா, பழகணும்னு...

தசரதன்: பழகு, பழகு. மொதல்ல இந்த மூணையும் துடை. காலேஜ் படிக்கற அத்தினி பேரும் என்.சி.சி.யில சேரணும்னு சர்க்கார் சொல்லிடுச்சு. துடைக்க ஆளு போடல. சார்ஜண்ட்டுன்னு மூணு பட்டைய என் கையில ஒட்டிட்டு, எண்ணெய் டப்பாவையும் குடுத்துட்டாங்க.

ஜம்புலிங்கம்: சரி, குடு. துடைச்சா தருவல்ல?

தசரதன்: மொதல்ல துடைடா.

ஜம்புலிங்கம்: டேய்... இதுல போல்ட் இல்ல.

தசரதன்: ம்.

ஜம்புலிங்கம்: அதுலயும் இல்ல. இரு... ஏழாம் நம்பர்லயும் இல்ல. எதுலயுமே இல்லியேடா!

தசரதன்: இருபத்தி நாலும் மொட்டையாத்தான் கீது. போல்ட்ட எல்லாம் கழட்டி, பொட்டியில போட்டுப் பூட்டி, நம்ம என்.சி.சி. ஆபீசர் ஜெயராமன் சார் எடுத்துகினு பூட்டாரு. போல்ட் இல்லாத துப்பாக்கி இன்னாத்துக்கு ஆவும்? ஊனிகினு நடக்கலாம்.

ஜம்புலிங்கம்: எப்பலேருந்து?

தசரதன்: புதன்கிழம காத்தாலேருந்து.

ஜம்புலிங்கம்: ...ஏன்?

தசரதன்: உக்காரு, சொல்றேன்.

ஜம்புலிங்கம்: எனக்கு வேல இருக்குது. நான் வரேன்.

தசரதன்: ஒரு மணி நேரம் குறி பாக்க டைம் இருந்துச்சு, என் மூஞ்சியப் பாக்க டைம் இல்லியா? உக்காருடா மச்சான். கதவு தொறந்துதான் கீது. உன்ன யாரும் புடிச்சு வெக்கல.

ஜம்புலிங்கம்: சரி, இன்னா? சொல்லு.

தசரதன்: ஆளுக்கு அஞ்சு தோட்டா. சுட்டு முடிச்சதும் அஞ்சு காலி கேஸ, அதான் தோட்டாக் கூட்ட, பொறுக்கித் தொப்பியில போட்டுக் குடுக்கணும். நாப்பது பேரு, இருநூறு கேஸ். நான்தான் எண்ணினேன். இருநூறும் சரியா இருந்துச்சு.

ஜம்புலிங்கம்: சரியா இருந்துச்சுல்ல? அப்புறம் இன்னா?

தசரதன்: நூத்தித் தொண்ணூத்தொம்போது புதுப் பித்தளையா பளபளன்னு கீது. ஒண்ணே ஒண்ணு களிம்பு புடிச்சுப் பச்சையா கீது. அது போன வருஷத்துக் கேஸு. ரேஞ்சு மண்ணுல எங்கியோ பொதஞ்சு கெடந்தது.

ஜம்புலிங்கம்: யாராச்சும் தப்பாப் பொறுக்கியிருப்பான்.

தசரதன்: இருக்கலாம். அப்பிடித்தான் நானும் மனசத் தேத்திக்கப் பாத்தேன். ஆனா அது உன் தொப்பியில இருந்துச்சு ஜம்பு. அப்ப நீ நாலுதான் சுட்டிருக்க, அஞ்சாவது தோட்டா சுடாமலே உங்கிட்ட கீது.

ஜம்புலிங்கம்: என்கிட்டயா...

தசரதன்: அப்புறம் வரிசையா நிக்கவெச்சு சத்தியம் வாங்கினாங்க. 'என்கிட்ட தோட்டாவும் இல்ல, காலி கேஸும் இல்ல'ன்னு எல்லாரும் கத்தினோம். இந்தப் பக்கம் வேம்புலி எங்காதுல கத்தறான். அந்தப் பக்கம் நீ. உதடு மட்டும் அசைஞ்சிச்சு. சத்தம் வரல.

ஜம்புலிங்கம்: தொண்ட கட்டியிருந்துச்சு.

தசரதன்: பொய் சொல்ல வரலடா உனக்கு. கையில தோட்டாவ வெச்சுகினு ஒரு சின்னப் பொய் சொல்ல வரல. அன்னிக்கு ராத்திரி பயத்துல எனக்குத் தூக்கமே வரல. ஆனா அந்த உதட்ட நெனச்சா மட்டும் கொஞ்சம் தைரியம் வந்துச்சு.

ஜம்புலிங்கம்: அதெல்லாம் ஒண்ணுமில்ல... நீயா எதையோ...

தசரதன்: யாருக்குடா அது?

ஜம்புலிங்கம்: எது?

தசரதன்: உன் கை கால்சட்டப் பையிலயே கீதே, அது. நேராவே கேக்கறேன். பிசிக்ஸ் பரந்தாமன் சாருக்கா? இல்ல உனக்கா?

ஜம்புலிங்கம்: ...அவரு இன்னா சொன்னாருன்னு உனக்குத் தெரியும்ல? நீயும் லேப்ல இருந்தியே.

தசரதன்: இருந்தேன்.

ஜம்புலிங்கம்: அம்பது பேரு முன்னால. 'நாப்பது நாளு வரல, சினிமாக் கொட்டாயில அட்டெண்டன்ஸ் போடறாங்களா'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. பரீட்ச பாரத்தக் கிழிச்சு, துண்டத் திருப்பி என் கையிலயே குடுத்தாரு. 'ஏர் ஓட்டறதுக்கு ஹால் டிக்கெட் எதுக்கு, உங்க ஊரு பாரிவாக்கத்துக்கே போ'ன்னு.

தசரதன்: நான் சிரிக்கல.

ஜம்புலிங்கம்: நீ சிரிக்கல. ஆனா வாயத் தொறக்கவும் இல்ல.

தசரதன்: ஆமா. அது என் தப்புதான். அதுக்கோசரம்தான் வியாழக்கிழம பஸ் ஏறி உங்க ஊட்டுக்குப் போனேன்.

ஜம்புலிங்கம்: எங்க ஊட்டுக்கா? உன்ன யாரு போகச் சொன்னது? யாரு இருந்தாங்க?

தசரதன்: உன் தங்கச்சி வடிவுதான் இருந்துச்சு. மோர் குடுத்துச்சு. உப்பு கொஞ்சம் கம்மி.

ஜம்புலிங்கம்: அவ இன்னா சொன்னா?

தசரதன்: எல்லாத்தையும் சொல்லிச்சு. உங்கம்மா தாம்பரம் ஆஸ்பத்திரியில கெடக்கறது, மார்ச்சளி ஜாஸ்தியாகி ரத்தமா வரது, நாப்பது நாளும் நீ அங்க வராண்டாவுல படுத்துகினு கெடந்தது...

ஜம்புலிங்கம்: சொல்லக் கூடாதுன்னு அம்மா என் தலயில அடிச்சு சத்தியம் வாங்கிச்சுடா! அந்தச் சீக்கு எங்க ஊட்டுல இருக்குதுன்னு தெரிஞ்சா வடிவ யாரு கட்டுவான்? தையில கல்யாணம் வெச்சிருக்குது.

தசரதன்: அதயும் சொல்லிச்சு. 'கல்யாணம் நின்னா நிக்கட்டும் அண்ணே. எங்க அண்ணன் பத்து நாளா பேச மாட்டேங்குது, வெச்ச சோறு வெச்சபடி இருக்குது, எனக்கு அதுதான் பயமா இருக்குது'ன்னு. நான் கேக்காமலே சொல்லிச்சு. அம்மாங் கனத்த நீ ஒருத்தனே தூக்கினு திரியறியேடா. பங்கு போட ஒரு ஆளும் கெடைக்கலியா உனக்கு?

ஜம்புலிங்கம்: யாருகிட்ட போய் சொல்ல... மொதல்ல அவருக்குன்னுதான் நெனச்சேன். சத்தியமா. அந்தச் சிரிப்பு காதுலயே இருந்துச்சு. அப்புறம் நேத்து டாக்டரு 'இனிமே ஆண்டவன் விட்ட வழி'ன்னாரு. பஸ்ல திரும்பி வரும்போது... எனக்கே இருக்கட்டும்னு தோணிச்சு. இப்பக் கேட்டா... தெரியலடா தசரதா. அதிலேருந்து எதுன்னே தெரியல.

தசரதன்: தெரியாட்டி பரவால்ல. அழு. அழுதுட்டுக் குடு.

ஜம்புலிங்கம்: குடுத்தா?

தசரதன்: குடுத்தா என் கையில இருக்கும். உன் பையில இருக்காது. இப்போதைக்கு அவ்ளோதான்.

ஜம்புலிங்கம்: ...இந்தா.

தசரதன்: எம்மாஞ் சின்னது பாரு. சுண்டு விரல்ல பாதிகூட வராது போலக் கீது. இது ரெண்டு ஊட்ட அழிச்சிருக்கும்... சார்! ஜெயராமன் சார்! வாங்க.

ஜம்புலிங்கம்: டேய்! சார் இங்கதான் இருக்காரா?

ஜெயராமன் சார்: வெளில பெஞ்சுல உக்காந்திருந்தேன் ஜம்பு. ஒரு மணியிலேருந்து. எழுந்திருக்காத, உக்காரு. தசரதா, அத இந்தக் காகிதத்துல வெச்சு மடி.

ஜம்புலிங்கம்: போலீசுக்குச் சொல்லிட்டீங்களா சார்?

ஜெயராமன் சார்: இல்ல. புதன்கிழமை இவன் வந்து களிம்புக் கேஸ என் மேஜையில வெச்சப்பவே போல்ட்ட எல்லாம் கழட்டிட்டேன். உன்னை நாலு நாளா யாராவது ஒருத்தர் கண்ணுல வெச்சிருந்தோம். ஆனா பிரின்சிபால்கிட்ட மறைக்க மாட்டேன். திங்கட்கிழமை காலைல நாம மூணு பேரும் போய்ச் சொல்லுவோம். சொல்லும்போது நான் உன் பக்கத்துல நிப்பேன்.

ஜம்புலிங்கம்: என்னை வெளிய அனுப்பிடுவாங்க சார்.

ஜெயராமன் சார்: அனுப்பறதா இருந்தா எனக்கும் சேத்துச் சீட்டு எழுதட்டும். ஆனா இந்த வருஷம் முழுக்க நீ துப்பாக்கியத் தொடக் கூடாது. பரேடுல கொடி பிடிப்ப. சாயந்திரம் நாலரைக்குத் தினமும் எங்க வீட்டுக்கு வர. பாடம் பாதி, பேச்சு பாதி. எங்க வீட்டுல பார்வதம் காப்பி போடுவா, கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும், முகம் சுளிக்காமக் குடிக்கணும். சம்மதமா?

ஜம்புலிங்கம்: ...வரேன் சார்.

ஜெயராமன் சார்: தாம்பரம் டாக்டர்கிட்ட ஒரு கடுதாசு வாங்கினா வருகைக் குறைவ மன்னிக்க விதி இருக்கு. அதுல வியாதி பேர் எழுத வேண்டியதில்லை. 'தாயார் உடல்நலக் குறைவு' போதும். பரந்தாமன்கிட்டயும் பேசிட்டேன்.

ஜம்புலிங்கம்: அவர்கிட்டயா! அவரு இன்னா சொன்னாரு?

ஜெயராமன் சார்: ரொம்ப நேரம் சாக்பீஸ உருட்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம், 'அந்த அம்மா சாத்துக்குடி சாப்பிடலாமா, ஆஸ்பத்திரியில விடுவாங்களா'ன்னு கேட்டாரு. உன்கிட்ட வந்து பேசறதுக்கு அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். நீ அவசரப்படுத்தாத.

ஜம்புலிங்கம்: சார்... என்ன மன்னிச்சிடுங்க சார்.

ஜெயராமன் சார்: அத சாமிகிட்டச் சொல்லு. எனக்கு நாலரை மணிக்கு வந்தாப் போதும். நான் ஆபீஸ்ல இருக்கேன், ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு வாங்க.

தசரதன்: பாத்தியா? போயே பூட்டாரு. திட்டவே இல்ல. எனக்கா இருந்தா ரெண்டு அறையாச்சும் குடுத்திருப்பேன்.

ஜம்புலிங்கம்: நாலு நாளா என்னைப் பாத்துகினேவா இருந்தீங்க?

தசரதன்: நேத்து அம்மன் கோயிலுக்குக்கூடப் போனேன், உன் பேருக்கு அர்ச்சன பண்ண. குருக்கள் நட்சத்திரம் இன்னான்னு கேக்கறாரு, எனக்கு இன்னா தெரியும்? முழிச்சேன். 'பரவால்ல, அவளுக்குத் தெரியும்'னு சொல்லிட்டு அவரே மணி அடிச்சுட்டாரு.

ஜம்புலிங்கம்: பூசம்டா.

தசரதன்: அடுத்த வெள்ளிக்கிழம நீயே வந்து சொல்லு.

ஜம்புலிங்கம்: தசரதா... ஒண்ணு கேக்கவா? நாப்பது பேருல யாருக்கும் தெரியல. ரேஞ்சுல ஜெயராமன் சாருக்கே தெரியல. இருநூறு கேஸுல ஒரு பச்சைய நீ மட்டும் எப்பிடிடா கண்டுபுடிச்ச?

தசரதன்: கண்ணு நல்லாத் தெரியுது.

ஜம்புலிங்கம்: வெளையாடாத. சொல்லு.

தசரதன்: ...போன வருஷம் கிளாஸ்ல ஒரு வாட்ச் காணாப் போச்சே, ஞாபகம் கீதா?

ஜம்புலிங்கம்: அதான் அந்தப் பையனோட பைக்குள்ளயே கெடந்து கெடைச்சிடுச்சே.

தசரதன்: கெடைக்கறதுக்கு எட்டு நாளு ஆச்சு. அந்த எட்டு நாளும் நான்தான் திருடன். அண்ணனூர்லேருந்து வர ஸ்காலர்ஷிப் பையன் வேற எப்பிடி இருப்பான்னு பேசிகினாங்க. நான் உக்காந்தா பெஞ்சுல எடம் காலியாவும். சாப்பாட்டு டப்பாவத் தொறந்தா எழுந்து போயிடுவானுங்க. அந்த வாரம் ரேஞ்சுல, பழைய கேஸ் ஒண்ணத் தொப்பியில போட்டு எண்ணிக்கைய சரிக்கட்டினது நான்தான்டா. எனக்குத்தான். வேற யாருக்கும் இல்ல.

ஜம்புலிங்கம்: தசரதா...

தசரதன்: அந்தத் தோட்டாவ மறுநாளே ஜெயராமன் சார்கிட்டக் குடுத்துட்டேன். அன்னிக்கு என் தோள்ல கையப் போட்டவரு, அதுக்கப்புறம்தான் இந்த எண்ணெய் டப்பாவ எங்கிட்டக் குடுத்தாரு.

ஜம்புலிங்கம்: எனக்குத் தெரியாமப் போச்சேடா. தெரிஞ்சிருந்தா நான் வந்திருப்பேன்... இன்னா ஆச்சு? யாரு உன்ன நிறுத்துனது?

தசரதன்: நீ வந்தடா. ஒண்ணுமே தெரியாமதான் வந்த. அன்னிக்கு இதே ரூம்ல, அந்தத் தோட்டாவும் கையுமா, கதவச் சாத்திகினு உக்காந்திருந்தேன். நீ தட்டின. 'தொப்பி நிக்க மாட்டேங்குது, ஒரு ஊக்கு இருந்தா குடு'ன்ன. நான் இல்லன்னேன். நீ போவல. பக்கத்துல உக்காந்து, உங்க ஊட்டுப் பசு கன்னு போட்ட கதைய அர மணி நேரம் சொன்ன. சொல்லிகினே, ஒருத்தனும் பக்கத்துல வராத என் டப்பாவுல கைய உட்டு, இருந்த சோத்தப் பாதிக்கு மேல நீயே தின்ன. கையக்கூடக் கழுவல. எழுந்து போறப்ப, 'உங்கம்மா கருவாட்டுக் கொழம்பு நல்லா வெக்கறாங்கடா, நாளிக்கும் கொண்டா'ன்ன... நாளிக்குன்னு சொல்லிட்டியே. அதுக்கோசரம்தான் மறுநாளு உயிரோட வந்தேன்.