துரையின் சொரசொரப்பு

— பதினஞ்சு நிமிஷ வேலைன்னு நாய் முடிக்கு மெஷின் போட விட்டுட்டியா? ஒண்ணு கேக்கட்டா, உனக்கு அறிவு இருக்காக்கா?

— நல்லா கத்து. பக்கத்து ரூம்ல அப்பாவுக்குக் கேக்காது. எனக்குத்தான் கேட்டுத் தொலைக்குது.

— டெரியர் முடியில கத்தியே படக்கூடாது. செத்த முடியை ரெண்டு விரலால பிடிச்சு இழுத்து எடுக்கணும். அப்பதான் புது முடி கம்பி மாதிரி முளைக்கும். பதினோரு வருஷமா இந்த நாயோட ஒரே வீட்ல இருக்க, இது கூடவா தெரியாது?

— எங்க தெரியும்? உன்னைப் பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தார். நான் தொட்டா, பொம்பளைக் கைக்கு இதெல்லாம் வராது, தள்ளிப் போன்னார்.

— சொன்னதையாவது காதுல வாங்கியிருக்கலாமே.

— வாங்கி வாங்கித்தான் காது புளிச்சுப்போச்சு. துரையோட முப்பாட்டன் குதிரை லாயத்துல எலி பிடிச்சான். நரி வளைக்குள்ள தனியா நுழைஞ்சான். முள்ளு குத்தாம இருக்கத்தான் அந்த முடி, வளைக்குள்ள சிக்கினா பிடிச்சு இழுக்கத்தான் அந்த வாலு. நாயோட வம்சம் ஏழு தலைமுறைக்கு அத்துப்படி. நான் பொறந்த நாளைக் கேட்டுப் பாரு, முழிப்பார்.

— ஆரம்பிச்சிட்டியா.

— நாய்க்குப் பேரு துரை. எனக்குப் பேரு 'ஏய்'.

— அப்போ ஒண்ணு கேக்கறேன். வேணும்னேதான் பண்ணியா?

— வேணும்னு பண்றதுக்கு எனக்கு நேரம் எங்கடா இருக்கு? கை நடுக்கம் வந்ததுலேர்ந்து அப்பாவால முடி எடுக்க முடியல. துரை சொறிஞ்சு சொறிஞ்சு உடம்பெல்லாம் புண்ணு. கையால எடுக்க மூணு மணி நேரமாகும், அதுக்கான ஆளு அடுத்த வாரம்தான் வரும்னாங்க நாய்க்கு முடி வெட்டற கடைக்காரம்மா. இங்க அப்பா ஈரத்துணியோட படுத்திருக்கார். மெஷினே போடுங்கம்மான்னுட்டேன். முடிதானே, வளந்துடும்னு நெனச்சேன்.

— வளரும். பஞ்சு மாதிரி வளரும். நிறம் கூட வெளுத்துப்போகும்.

— கண்ணு போனவருக்கு நிறம் எதுக்கு? கைதானே அவருக்குக் கண்ணு. முதுகைத் தடவினார். 'யார் வீட்டு நாய் இது, என் துரையை எவனுக்குக் குடுத்தே?'ன்னார்.

— குரலு? வாசனை?

— குரைக்கிறது காதுல விழல. உடம்பெல்லாம் கடை சோப்பு நாத்தம். துரைதான் உனக்குத் தெரியுமே, பிடிச்சதை விடமாட்டான். மறுபடி மறுபடி கட்டில்ல ஏறி அவர் கையை நக்கினான். கடைசியில காலால எத்தித் தள்ளினார். அதுலேர்ந்து பாத்ரூம் வாசலே கதின்னு கிடக்கான். கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறான். முந்தி மட்டும் வந்தானாக்கும்.

— அப்பா வாயைத் திறக்க மாட்டேங்கறார், மருந்து கூட உள்ள போகலன்னு திங்கக்கிழமை போன்ல அழுதியே. அதுக்குத்தான் லீவு போட்டு வந்திருக்கேன். வண்டியில பாரு. அதே ஜாதி, ரெண்டு வயசு. ஒருத்தர் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். கையாலயே முடி எடுத்து வளர்த்தது. பாத்திரம் தேய்க்கிற பிரஷ் தோத்துப்போகும். அப்பா கையில குடுத்தா துரைன்னே நம்பிடுவார்.

— திருப்பிக் குடுத்துடு.

— எதை?

— அந்த நாயைத்தான்.

— உன் வீம்புக்கு அவர் பட்டினி கிடந்து சாகணுமா?

— சாப்பிடறார்.

— என்னது?

— செவ்வாக்கிழமையிலேர்ந்து மூணு வேளையும் சாப்பிடறார். மருந்தும் உள்ள போகுது.

— அப்போ துரையை அடையாளம் தெரிஞ்சுடுச்சா?

— துரை திரும்பி வந்துட்டான்னு நெனக்கிறார்.

— புரியற மாதிரி சொல்லேன்க்கா.

— அன்னைக்கு மத்தியானம் ஸ்பூனும் கையுமா கெஞ்சிக் கெஞ்சி, அலுத்துப்போய் அப்படியே கட்டில்ல தலையைச் சாய்ச்சுட்டேன். கண்ணு அசந்துடுச்சு. என் முடியைப் பாரு. சீவ நேரமில்லன்னு நானே கத்திரியை எடுத்து ஒட்ட வெட்டிக்கிட்டது. எண்ணெய் பட்டு மாசக்கணக்காச்சு. அவர் கை வந்து தலைமேல விழுந்தது. தடவிப் பார்த்தார். ரெண்டு விரலால ஒரு முடியை இழுத்துப் பார்த்தார். 'வந்துட்டியாடா துரை'ன்னு அழுதார்.

— நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?

— மூச்சுக் கூட விடல. அதுலேர்ந்து வேளா வேளைக்கு அவர் கைக்குக் கீழ தலையை வெச்சுக்கிட்டுத்தான் ஊட்டறேன்.

— அக்கா...

— நாப்பத்தாறு வருஷத்துல அந்தக் கை என் தலையில பட்டது அதுதான் முதல் தடவை. இந்த வீட்டுக்கு இன்னொரு நாய் வேண்டாம்டா.